கந்தகம்: எஃகின் வில்லன், லேத்தின் நண்பன்

இன்னைக்கு எபிசோடில் ஹீரோவும் வில்லனும் ஒரே ஆள்தான். பேரு கந்தகம்.

1856 ஆகஸ்ட். இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் ஒரு அறிவியல் மாநாடு. உருகிய வார்ப்பிரும்புக்குள் காற்றை ஊதினால் போதும், தனியா எரிபொருளே வேண்டாம், எஃகு தயார்னு அறிவிக்கிறார் ஹென்றி பெசமர். இரும்பாலை முதலாளிகள் உடனே காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கினாங்க. ஆனா அவங்க ஆலையில் வந்த எஃகு உடைஞ்சு போச்சு.

ஏன்? தாதுவில் இருந்த பாஸ்பரஸ் ஒரு காரணம். அதுக்குத் தீர்வு வர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஊதின காற்றிலிருந்து எஃகுக்குள் தங்கின ஆக்சிஜன் இன்னொண்ணு. மூணாவது, நம்ம கந்தகம். அது இரும்போட சேர்ந்தா இரும்பு சல்ஃபைடு. எஃகின் படிகங்களுக்கு நடுவில் மெல்லிய படலமா படிஞ்சு, சுமார் 988 டிகிரி செல்சியஸிலேயே உருகிடும். எஃகைப் பழுக்கக் காய்ச்சி உருட்டுறதோ அதைவிட அதிக சூட்டில். செங்கலுக்கு நடுவில் இருக்கிற சிமென்ட் இளகி ஓடினா சுவர் நிக்குமா? அதே கதைதான்.

இதைச் சரிபண்ண வழி காட்டினவர் ராபர்ட் முஷெட். மாங்கனீஸ் நிறைஞ்ச ஸ்பீகல்ஐசன் என்ற வார்ப்பிரும்பைக் கொஞ்சம் சேர்த்தார். மாங்கனீஸ் ஆக்சிஜனைப் பிடிச்சுக்கிச்சு, கந்தகத்தையும் இரும்புகிட்டயிருந்து இழுத்துக்கிச்சு. இப்படி உருவாகும் மாங்கனீஸ் சல்ஃபைடு 1600 டிகிரி பக்கம் போனாதான் உருகும். அதுவும் படலமா பரவாம, தனித்தனித் துணுக்கா நிக்கும். ஆனா முத்திரைக் கட்டணம் கட்டாததால் 1859இல் முஷெட்டின் காப்புரிமை காலாவதியாச்சு. 1866இல் அவரோட மகள் நேரில் போய்ப் பேசின பிறகுதான், பெசமர் வருஷத்துக்கு 300 பவுண்டு உதவித்தொகை கொடுக்க ஆரம்பிச்சார்.

கதை இங்கதான் திரும்புது. மாங்கனீஸ் சல்ஃபைடு மென்மையானது. லேத்தில் எஃகைக் கடையும்போது, சீவல் நீளச் சுருளா வந்து டூலைச் சுத்திக்காம, இந்தத் துணுக்குகள் இருக்கிற இடத்தில் பட்டுபட்டுன்னு உடையும். டூல் முனைக்கு மசகு மாதிரியும் உதவும். அதனால கந்தகத்தை வேணும்னே சேர்க்க ஆரம்பிச்சாங்க. நம்ம பாஷையில் சொன்னா, பக் இப்போ பீச்சர் ஆயிடுச்சு. அமெரிக்காவில் எஃகுகளைக் கடைவது எவ்வளவு சுலபம்னு மார்க் போட, பி1112 என்ற எஃகைத்தான் 100 சதவீதமா வச்சாங்க. கந்தகம் கூட்டின எஃகு அது. அந்த 'பி' எதைக் குறிக்குது தெரியுமா? பெசமரை!

ஆனா இதுக்கு ஒரு விலை உண்டு. எஃகைத் தகடா உருட்டும்போது இந்தத் துணுக்குகள் சேமியா மாதிரி நீளும். நீண்ட திசையில் எஃகு ஓரளவு தாங்கும். குறுக்கே விசை வந்தா விரிசலுக்கு அதுவே பாதை. 1912இல் மூழ்கிய டைட்டானிக்கின் தகட்டைப் பின்னாளில் சோதிச்சப்போ, கந்தகம் 0.069 சதவீதம், மாங்கனீஸ் வெறும் 0.47. உருட்டின திசையில் 32 டிகிரிக்குக் கீழேயே அது நொறுங்கும் குணத்துக்கு மாறுச்சு. குறுக்குத் திசையில் 56 டிகிரி! அன்னைக்குக் கடல் நீர் மைனஸ் 2 டிகிரி. பாஸ்பரஸுக்கும் இதில் பங்கு உண்டு. எஃகு மட்டுமே கப்பலை மூழ்கடிக்கல. அந்தக் காலத்துக்கு அது வழக்கமான எஃகுதான்.

இன்னைக்கு எரிவாயுக் குழாய்க்கான எஃகில் கந்தகத்தை முடிஞ்சவரை வெளியேத்துறாங்க. மிச்சம் இருக்கிற துணுக்குகள் நீளாம உருண்டையா நிக்க கால்சியம் சேர்க்கிறாங்க. ஆயிரக்கணக்கில் கடையும் சின்ன திருகுக்கோ, கந்தகத்தைக் கேட்டு வாங்குறாங்க. அதனால கந்தகம் நல்லதா கெட்டதான்னு கேட்காதீங்க. அந்த எஃகு எதைத் தாங்கப்போகுதுன்னு கேளுங்க.