குளத்தைப் படிக்க ஒரு படிப்பா?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் கூப்பிட்டார். எண்பதுகளில் என்னிடம் படித்தவர், இப்போது கோவையில் இருக்கிறார். "ஸார், எம் பொண்ணு ஈரநிலத்தைப் பத்தி மேல்படிப்பு படிக்கணும்ங்கா. குளத்தைப் படிக்க ஒரு படிப்பா ஸார்? அதுக்கெல்லாம் வேலை உண்டா?" என்று கேட்டார். ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, எழுதுகிறேன் என்றேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிஷம் பொறுத்தவர்கள் இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர்களுக்குக் கன்னடியன் கால்வாய்க் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. கன்னட நாட்டு பிராமணர் ஒருவர், அகத்தியர் சொன்னபடி ஒரு பசுவின் பின்னால் நடந்தார். பசு போன வழியில் கால்வாய் வெட்டினார், படுத்த இடத்தில் குளம் தோண்டினார் என்பது நம் பாட்டிமார் சொன்ன கதை. கதை எப்படியோ, கால்வாய் நிஜம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றிலிருந்து புறப்பட்டு, சேரன்மகாதேவி, பத்தமடை பக்கமெல்லாம் வயலையும் குளத்தையும் நிரப்புகிறது. ஆற்றுத் தண்ணீரைக் குளம் குளமாக நிறுத்தி வைத்த அந்தக் கணக்கு யாரோ கற்றுக் கொடுத்து, யாரோ கற்றுக்கொண்டதுதான். பாடப்புத்தகம் மட்டும் எழுதவில்லை.

பிறகு வந்த அரசாங்கங்கள் குளத்தை வேறு கண்ணால் பார்த்தன. எத்தனை ஏக்கர் நன்செய், எவ்வளவு தீர்வை, மடை எத்தனை, கரை எவ்வளவு நீளம் என்பதுதான் கேள்வி. அம்பாசமுத்திரத்தில் 1937-ல் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. உங்கள் அப்பாக்கள் பயிரிட்ட ஏ.எஸ்.டி. 16 அங்கே பிறந்த ரகம். வயலைப் படிக்க ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. அந்த வயலுக்குத் தண்ணீர் தந்த குளத்துக்குள் என்ன இருக்கிறது, மீன் என்ன, புல் என்ன, பறவை என்ன என்று கேட்க ஆள் இல்லை.

விவசாயிகளுக்கு அது தெரிந்தே இருந்தது. வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் முறையிட்டார்கள். 1798-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைப் பாதுகாக்க எழுத்து மூலம் உரிமை கொடுத்தார். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த விவசாயிகள் அறிந்த பாடம்.

உலக அளவில் இதற்கு ஒரு பெயர் கிடைத்தது 1971-ல். அந்த ஆண்டு பிப்ரவரி 2-ம் தேதி ஈரானில் காஸ்பியன் கடலோர ஊரான ராம்சாரில் நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. இயற்கையோ செயற்கையோ, நிரந்தரமோ சில மாதம் மட்டுமோ, நன்னீரோ உப்புநீரோ, தண்ணீர் தேங்கி நிலத்தை நனைக்கும் இடமெல்லாம் ஈரநிலம் என்றார்கள். கடலில்கூட வற்றம் வடியும்போது ஆறு மீட்டர் ஆழம் வரை சேர்த்தி. இந்தியா 1982-ல் சேர்ந்தது. முதலில் பட்டியலில் ஏறியவை இரண்டு: ஒடிசாவின் சிலிகா ஏரி, ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ்.

பரத்பூரில் நடந்ததைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அங்கே சுற்றுக் கிராமத்து எருமைகள் காலம் காலமாகத் தண்ணீருக்குள் இறங்கி மேய்ந்தன. மாடு மேய்வது பறவைகளுக்குக் கெடுதல் என்றுதான் பெரியவர்கள் நினைத்தார்கள், பறவையியல் மேதை சாலிம் அலி உட்பட. தேசியப் பூங்கா ஆக்கியபின் 1982-ல் மேய்ச்சலைத் தடை செய்தார்கள். கிராமத்தார் எதிர்த்தார்கள், போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. அதே இடத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், வி.எஸ். விஜயன் தலைமையில் 1980 முதல் 1990 வரை பத்து வருஷம் ஆராய்ச்சி செய்தது. தண்ணீர், புல், பூச்சி, மீன், பறவை எல்லாவற்றையும் வருஷா வருஷம் அளந்தார்கள். முடிவு என்ன? எருமை போனபின் ஒருவகை நீர்ப்புல் தடையில்லாமல் படர்ந்து தண்ணீரை மூடிவிட்டது. மீன் குறைந்தது, பறவைக்கு இறங்க இடம் குறைந்தது. எருமை கெடுக்கவில்லை, புல்லைத் தின்று இடத்தைத் திறந்துதான் வைத்திருந்தது. தங்கள் சொந்தக் கழகத்துப் பெரியவர் நினைத்ததற்கு மாறான முடிவை மறைக்காமல் எழுதினார்களே, அதைத்தான் நான் விஞ்ஞானம் என்பேன்.

இதை நான் பல வருஷம் கழித்துப் படித்தபோது எனக்கு நம் முகாம்தான் ஞாபகம் வந்தது. 1984-ல் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் போட்டோமே, அதில் இருந்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். குளத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று கரையோரச் சம்பை முழுவதையும் வெட்டிக் கரையில் குவித்தோம். மடையைப் பார்த்துக்கொண்ட பெரியவர் வந்து, "அந்த மூலையை மட்டும் விட்டிருங்க வாத்தியாரய்யா, கோழி கூடு கட்டுத இடம்லா" என்றார். நான் கேட்கவில்லை. சுத்தம் என்றால் முழுச் சுத்தம் என்று உங்களுக்கு உத்தரவு போட்டேன். அந்த ஐப்பசி மழையில் குளம் பெருகியபோது அலை நேராகக் கரையில் மோதி, அந்த மூலையில்தான் கரை அரித்தது. தாழைக்கோழியை அடுத்த வருஷம் நான் அங்கே பார்க்கவில்லை.

நம் வேலைதான் காரணம் என்று நிரூபிக்க என்னிடம் ஓர் அளவும் இல்லை. முன்பு எத்தனை கூடு இருந்தது, சம்பை எத்தனை அடி அகலம் நின்றது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கக்கூடிய ஒரே ஆள், எழுதப் படிக்கத் தெரிந்த நான். நான் கரும்பலகையில் மட்டும்தான் எழுதினேன்.

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருகிறேன். பரத்பூர் அனுபவத்துக்குப் பின், 1990-ல் கோவை ஆனைகட்டியில் மத்திய அரசின் ஆதரவோடு சாலிம் அலி பறவையியல் மையம் தொடங்கியது. அதே விஜயன்தான் முதல் இயக்குநர். உள்நாட்டு ஈரநிலங்களை மாநிலம் மாநிலமாக ஆராய்ந்தார்கள், இளைஞர்களை முனைவர் பட்டத்துக்குத் தயார் செய்தார்கள். 2011-ல் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பு வெளியிட்டது. நாட்டில் சுமார் ஒரு கோடியே 52 லட்சம் ஹெக்டேர் ஈரநிலம் என்று கணக்கு வந்தது. 2.25 ஹெக்டேருக்குக் குறைந்தவை வெறும் புள்ளிகள், அவை மட்டும் ஐந்தரை லட்சத்துக்கு மேல். நம் பக்கத்துச் சின்னக் குட்டை, ஊருணியெல்லாம் அந்தப் புள்ளிக் கணக்கில்தான் வரும்.

சிலிகாவில் ஒடிசா அரசு 1991-ல் தனி ஆணையம் அமைத்தது. கடல்வாய் தூர்ந்து உப்புத்தன்மை குறைந்ததால், ஆபத்தில் உள்ள ஈரநிலங்கள் பட்டியலில் 1993-ல் ஏரி சேர்ந்தது. ஆராய்ந்து பார்த்து 2000-ல் புதுக் கடல்வாய் வெட்டினார்கள், 2002-ல் ஏரி அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. அங்கே பார்குல் என்ற ஊரில் ஈரநில ஆராய்ச்சி, பயிற்சி மையமே நடக்கிறது. 2021-ல் சென்னையிலும் மத்திய அரசு ஈரநிலப் பாதுகாப்பு, மேலாண்மை மையம் ஒன்றை அறிவித்தது. ஆகவே தம்பி, படிப்பும் உண்டு, வேலையும் உண்டு. பறவை மட்டும் இல்லை. மண், நீரோட்டம், தாவரம், மீன், செயற்கைக்கோள் படம், சட்டம் எல்லாம் அதில் அடக்கம்.

சட்டம் என்றேனே, அங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. ராம்சார் ஒப்பந்தப்படி மனிதன் வெட்டிய குளமும் ஈரநிலம். ஆனால் மத்திய அரசின் 2017 ஈரநில விதிகளில், பாசனத்துக்கென்றே மனிதர் கட்டிய நீர்நிலைகளும் நெல்வயல்களும் விளக்கத்துக்கு வெளியே நிற்கின்றன. நம் பள்ளத்தாக்கில் பாசனக் குளம் தவிர வேறென்ன இருக்கிறது? குள ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் வந்த மாநிலச் சட்டம் இருக்கிறது. அது எல்லையைக் காக்கும். உள்ளே தண்ணீர் எப்படி இருக்கிறது, சம்பை இருக்கிறதா, கூடு இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்தைப் பாருங்கள். அதுவும் குளம்தான், மணிமுத்தாற்றுத் தண்ணீர் போய் நிரம்புகிற குளம். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள் வீட்டு மரத்திலேயே கூடு கட்டும், யாரும் விரட்ட மாட்டார்கள். பட்டப்படிப்பு இல்லாத பால்பாண்டி, கீழே விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்தார். 1994-ல் சரணாலயம் ஆனது, 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அறிவிப்பு வந்தது. ஊர் முதலில் காத்தது, அரசாங்கம் பிறகு வந்தது.

மற்ற குளங்களுக்கும் அந்த மதிப்பு வர வேண்டுமானால் கையில் கணக்கு வேண்டும். மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், அரசு அமைப்பு அல்ல, 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் பொதுமக்களும் பயிற்சி எடுத்துக்கொண்டு குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள். நானும் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறேன். என் கண்ணுக்குக் கூட்டமாகத் தெரிந்ததை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணக் கற்றுக்கொடுத்தான்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்று சொல்லுங்கள். கல்லூரியில் சேருவதற்கு முன்னால் ஒரு வாரம் தாத்தா ஊருக்கு வரட்டும். மடை திறந்து மூடிய பெரியவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு அவள் எழுதிக்கொள்ளட்டும், கூட நான் வருகிறேன். 1984 முகாமில் எடுத்த போட்டோ யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். பின்னால் சம்பை எவ்வளவு தூரம் நின்றது என்று அதிலாவது தெரியும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், கல்லிடைக்குறிச்சி