கைமாறிய வண்டி, மாறாத பெயர்

நம் குடியிருப்பின் வண்டி நிறுத்தத்தில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், மூன்று பைக்குகள் பல மாதமாகத் தூசி படிந்து நிற்கின்றன. யாருடையவை என்று சென்ற கூட்டத்தில் கேட்டோம். சி பிளாக் தம்பி ஒருவர், "அதுல ஒண்ணு என்னுது சார்" என்றார். ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது என்று கேட்டேன். "முதல் ஓனர் பேர்லயே இருக்கு சார். நான் நாலாவது ஆள்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. கொஞ்சம் பழைய கதையோடு சேர்த்துச் சொன்னால்தான் அது விளங்கும்.

புதுசை விடப் பழசுக்கு விலை அதிகம்

இன்று கடைக்குள் நுழைந்தால் மாலைக்குள் புது வண்டியோடு வீடு திரும்பலாம். நம்மில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு வேறொரு காலம் நினைவிருக்கும். 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னை திருவொற்றியூரில் 350 சிசி புல்லட் உருவானது. முதலில் பாகங்களை வரவழைத்துப் பொருத்தினார்கள், பிறகு இங்கேயே செய்தார்கள். 1961-ல் மைசூரில் ஐடியல் ஜாவா வந்தது. அடுத்து எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் ராஜ்தூத் வந்தது. நீண்ட காலத்துக்கு மோட்டார் சைக்கிள் என்றால் இந்த மூன்றுதான்.

எந்தத் தொழிற்சாலை எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசு உரிமம் தீர்மானித்த காலம் அது. ஸ்கூட்டர் விநியோகத்துக்கென்றே 1960-ல் மத்திய அரசு தனிக் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. பஜாஜ் ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். பத்து வருடம் காத்திருந்தவர்களும் உண்டு. மகள் பிறந்ததும் பதிவு செய்தால் அவள் பள்ளிக்கூடம் போகும்போது வண்டி வரும் என்று கேலியாகச் சொல்வார்கள். விளைவு என்ன? ஷோரூம் விலையை விட, ஓடிய வண்டிக்கு வெளியில் விலை அதிகம். பழைய வண்டி வாங்குவது அப்போது சிக்கனமில்லை, அவசரம்.

பெயர் மாற்றாமல் வண்டி வாங்கும் பழக்கத்துக்கு அந்தக் காலமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் பேரில் பதிவு, இன்னொருவர் கையில் பணம், மூன்றாமவர் வீட்டில் வண்டி. நம்பிக்கையின் பேரில் எல்லாம் நடந்தது. "பேர்ல என்ன இருக்கு? வண்டி ஓடுதா பாருங்க" என்பதுதான் அன்றைய புரோக்கர்களின் வாசகம்.

நூறு சிசி வெள்ளம்

எண்பதுகளில் கதவு திறந்தது. 1980-ல் ஓசூரில் இருந்து டிவிஎஸ் 50 வந்தது. 1984-ல் இந்த் சுசுகி வந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100-ம் யமஹா ஆர்எக்ஸ் 100-ம் வந்தன. பால்காரர் முதல் பேராசிரியர் வரை வண்டி ஏறினார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் படிப்பு முடித்து ஊருக்குக் கிளம்பும்போது வண்டியை ஜூனியரிடம் தள்ளிவிட்டுப் போவார்கள். சிதம்பரம் கீழ வீதியில் நிற்கும் பைக் ஒன்று நாலைந்து செட் மாணவர்களைப் பார்த்திருக்கும். சாவி கைமாறும். பெயர் மாறாது.

வண்டியைப் பார்த்துக்கொள்ளும் விதமும் அப்போதுதான் மாறியது. ராஜ்தூத்தும் ஜாவாவும் டூ ஸ்ட்ரோக். பெட்ரோல் போடும்போதே ஆயிலும் அளந்து கலக்க வேண்டும். பிளக்கில் கரி பிடிக்கும், பாயின்ட் தேயும். வாங்கியவர் அரை மெக்கானிக் ஆகாமல் தீராது. நாலு ஸ்ட்ரோக் சிடி 100 அந்தத் தொல்லையைப் போக்கியது. பெட்ரோல் போட்டால் போதும், வண்டி ஓடும். அதோடு, வண்டியைக் குனிந்து பார்க்கும் பழக்கமும் நம்மிடம் இருந்து போய்விட்டது.

யார் உரிமையாளர்?

இந்த இடத்தில் சட்டத்தின் கதையும் தெரிய வேண்டும். 1939-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே, விற்றால் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் 'உரிமையாளர்' என்பதற்கு அதில் இருந்த விளக்கம் மைனர்களின் வண்டியையும் தவணை வண்டியையும் பற்றித்தான் பேசியது. பதிவில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று அது சொல்லவில்லை. பணம் கொடுத்து வண்டியை எடுத்துப்போனால் உரிமை மாறிவிட்டது என்று வாதாட இடம் இருந்தது.

1988-ல் புதுச் சட்டம் வந்து, 1989 ஜூலை 1 முதல் நடைமுறையானது. அதன் 2(30) பிரிவு சுருக்கமாகச் சொன்னது: யார் பேரில் வண்டி பதிவாகி இருக்கிறதோ அவரே உரிமையாளர். 50-வது பிரிவு, விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்றது. படிவம் 29, படிவம் 30 என்று நாம் கையெழுத்துப் போடுவது இதற்காகத்தான். சட்டம் மாறியது. நம் பழக்கம் மாறவில்லை. தேதி போடாமல், வாங்குபவர் பேர் எழுதாமல், வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது தொண்ணூறுகளில் சர்வ சாதாரணம்.

அப்படிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

எனக்கு வந்த சம்மன்

1992-ல் சிதம்பரத்தில் ஒரு பழைய ராஜ்தூத் வாங்கினேன். ஆறு வருடம் ஓட்டினேன். பெயர் என் பேருக்கு ஒழுங்காக மாற்றித்தான் வைத்திருந்தேன். 1998-ல் ஒரு புரோக்கர் மூலம் விற்றபோதுதான் அவசரப்பட்டேன். வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டேன், பணத்தை எண்ணினேன், பஸ் ஏறினேன். டெலிவரி நோட் வாங்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மூன்று வருடம் கழித்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இருந்து சம்மன் வந்தது. என் பழைய ராஜ்தூத் ஒரு சைக்கிள்காரர் மீது மோதி, அவருக்குக் கால் போய்விட்டது. ஓட்டியவரை நான் பார்த்ததே இல்லை. வண்டி எனக்குப் பிறகு இரண்டு கை மாறியிருந்தது. இன்சூரன்ஸ் என் காலத்தோடு முடிந்திருந்தது. பதிவில் மட்டும் நான் இருந்தேன். நான் விற்றுவிட்டேன் என்று சொன்னேன். யாரிடம் என்று கேட்டார்கள். பேர் தெரியவில்லை. கடைசியில் என் பங்காக ஒரு தொகை கட்டினேன். மகளின் கல்லூரிக்கு என்று வைத்திருந்த பணம் அது.

பல வருடம் இதை அநியாயம் என்றே நினைத்திருந்தேன். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் சொன்ன தீர்ப்பைப் படித்த பிறகுதான் மனம் மாறியது. அதில் ஒரு கார் 2007-ல் விற்கப்பட்டு, கை மேல் கை மாறி, 2009-ல் விபத்தில் சிக்கியது. பதிவில் முதல் ஆளின் பெயரே இருந்தது. கடைசியாக வண்டி வைத்திருந்தவர்தான் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பதிவில் உள்ளவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்றது. அடிபட்டவரை, யார் யாரிடம் விற்றார்கள் என்று தேடி அலைய விடக்கூடாது என்பதுதான் அதன் சாரம்.

அந்தச் சைக்கிள்காரரை நினைத்துப் பார்த்தேன். எனக்கும் புரோக்கருக்கும் நடந்த வியாபாரத்தில் அவருக்கு என்ன சம்பந்தம்? கால் போன மனிதர் நாலு ஊர் சுற்றி என் வண்டியின் இப்போதைய சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க வேண்டுமா? பெயர் மாற்றம் விற்பவரையும் வாங்குபவரையும் காப்பதோடு நிற்கவில்லை. சாலையில் எதிரே வருபவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

நம் கரையோரத்துச் சங்கதி

கடலூர்க்காரர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம் கூடுதலாக உண்டு.

முதலாவது, பக்கத்திலேயே புதுச்சேரி. பி.ஒய். எண் வண்டிகள் இங்கே நிறைய விலைக்கு வருகின்றன. விலை குறைவாகத் தெரியும். ஆனால் அங்கிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, டி.என். எண் போட வேண்டும். வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதுப் பதிவு எண் கட்டாயம். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் விலை பேச வேண்டும்.

இரண்டாவது, தண்ணீரும் உப்பும். 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என்று நம் ஊர் வண்டிகள் பலவும் ஒரு முறையாவது மூழ்கியவை. மூழ்கிய வண்டியைக் கழுவி, பெயிண்ட் அடித்து, டிங்கரிங் பார்த்து விற்பது எளிது. சீட்டைத் தூக்கி ஒயர் கனெக்டர்களில் வண்டல் படிந்திருக்கிறதா, முகப்பு விளக்குக்குள் மண் கோடு தெரிகிறதா, இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கடல் காற்றின் உப்பு செயினையும் ஸ்போக்கையும் சைலன்ஸரின் அடிப்பக்கத்தையும்தான் முதலில் தின்னும். தேவனாம்பட்டினம் போய்வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். ஜெனரேட்டர் அறைப் பக்கத்து வண்டிகளுக்கு இதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

வெள்ளத்துக்கும் பெயர் மாற்றத்துக்கும் ஒரு தொடர்பும் உண்டு. வண்டி விற்றால் மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி வாங்கியவருக்கு மாறியதாகவே கருதப்படும். வண்டிக்கான சேதக் காப்பீடு அப்படித் தானாக மாறாது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிப் பெயரை மாற்றாவிட்டால், அடுத்த வெள்ளத்தில் வண்டி போனால் கையில் ஒன்றும் வராது.

இப்போது வாங்குகிறவர்களுக்கு

காலம் இப்போது நமக்குச் சாதகமாகத் திரும்பியிருக்கிறது. 2022 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகளுக்கு அங்கீகாரச் சான்று முறையைக் கொண்டுவந்தது. அங்கீகாரம் பெற்றவரிடம் வண்டியை ஒப்படைத்து அதைப் பதிவு அலுவலகத்துக்கு முறைப்படி தெரிவித்துவிட்டால், அடுத்த ஆளுக்கு மாறும் வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். எனக்கு 1998-ல் இது இருந்திருந்தால் அந்தச் சம்மன் வந்திருக்காது. ஆகவே கன்சல்டிங்கில் விற்கும்போது முதலில் அந்தச் சான்றைக் கேளுங்கள்.

வாங்கும்போது எம்-பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவுத் தேதி, காப்பீடு, கடன் எல்லாம் தெரியும். இ-செலான் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பேர் இருந்தால், டியூ முடிந்தது என்று வாய்ச்சொல் போதாது. தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே எடுக்கப்பட்டது. 2019-ல் எடுத்த வண்டி என்றால் அது 2024-ல் முடிந்திருக்கும். 15 வருடம் ஆன வண்டிக்குப் பதிவு புதுப்பிப்பும் பசுமை வரியும் சேரும்.

வீட்டுக்கு வந்ததும், பழைய ஓனர் என்ன சொன்னாலும் சரி, இன்ஜின் ஆயிலையும் ஏர் ஃபில்டரையும் மாற்றுங்கள். பிரேக் ஷூ, செயின் செட், கிளட்ச் கேபிள் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் பழசானால் மழையில் பிடிக்காது. செய்த வேலையைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். நீங்கள் விற்கும் நாளில் அந்த நோட்டுக்கும் விலை உண்டு.

சி பிளாக் தம்பி இதைப் படிப்பார் என்று தெரியும். தம்பி, முதல் ஓனர் யார் என்று தேடிப் பிடியுங்கள். அவர் எங்கேயோ நிம்மதியாக இருப்பார், உங்கள் வண்டி தன் பேரில் ஓடுவது தெரியாமல். சனிக்கிழமை காலை சங்க அலுவலகத்தில் இருப்பேன். படிவங்களை எப்படி நிரப்புவது என்று உட்கார்ந்து பார்ப்போம். மற்ற இரண்டு வண்டிகளின் சொந்தக்காரர்களும் வரலாம்.