பச்ச உடம்புக்காரியும் பத்துக் கேள்விகளும்

இந்த எபிசோட் எங்க அக்காவைப் பத்தினது. அவகிட்ட கேட்டுட்டுதான் பேசறேன்.

2018 நவம்பர் 16, விடியறதுக்கு முன்னாடி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. கோடியக்கரையில எங்க வீட்டு ஓடு மொத்தமும் போச்சு. பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவுக்கு அப்போ எட்டு மாசம். டிசம்பர்ல குழந்தை பிறந்தது, ரெண்டாவதும் பொண்ணு. அதுக்கப்புறம் அவ பேச்சே குறைஞ்சிடுச்சு. குழந்தை அழும், அவ சுவத்தையே பார்த்துட்டு இருப்பா. அம்மா பூண்டுக் குழம்பு வச்சாங்க, திருநீறு போட்டாங்க. "பச்ச உடம்புக்காரி, அப்படித்தான் இருப்பா"ன்னாங்க.

இதை மருத்துவம் கவனிச்சது ரொம்ப முன்னாடியே. 1858-லயே லூயி விக்டர் மார்சேங்கிற பிரெஞ்சு மருத்துவர், கர்ப்பிணிகளுக்கும் பிரசவமான பெண்களுக்கும் வர்ற மனநோய் பத்தி ஒரு புத்தகமே எழுதினார். ஆனா கண்டுபிடிக்கறதுதான் சிக்கல். பொதுவான மனச்சோர்வுக் கேள்வித்தாள் "தூக்கம் வருதா, சோர்வா இருக்கா"ன்னு கேட்கும். கைக்குழந்தைக்காரி யாருக்குங்க தூக்கம் வரும்? எங்க சாஃப்ட்வேர் பாஷையில, அத்தனையும் ஃபால்ஸ் பாசிட்டிவ்.

1987-ல ஜான் காக்ஸும் அவரோட குழுவும் எடின்பரோ அளவுகோலை வெளியிட்டாங்க. பத்தே கேள்வி, கடந்த 7 நாளைப் பத்தி மட்டும். சிரிக்க முடிஞ்சதா? காரணமில்லாம பயம் வந்ததா? தூக்கத்தைக் கேட்டாலும், மனக்கஷ்டத்தால தூங்க முடியலையான்னுதான் கேட்கும். பத்தாவது கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கணும்னு தோணிச்சாங்கிறது.

"இதெல்லாம் வெளிநாட்டு வியாதி"ன்னு நினைக்கிறவங்களுக்கு வேலூர்ல பதில் இருக்கு. அந்தப் பக்கத்துக் கிராமங்கள்ல நடந்த ஆய்வு 2002-ல வந்தது. பிரசவத்துக்குப் பிறகு புதுசா மனச்சோர்வு வந்தவங்க 11 சதவீதம். 2005-ல அந்தப் பத்துக் கேள்வியோட தமிழ் வடிவத்தையும் சோதிச்சு, பயன்படும்னு காட்டினாங்க.

அந்த 2002 ஆய்வு சொன்ன காரணங்களைக் கேளுங்க: குறைஞ்ச வருமானம், பையனை எதிர்பார்த்துப் பொண்ணு பிறக்கிறது, மாமியாரோடயோ பெத்தவங்களோடயோ உரசல், கர்ப்பகாலத்துல வந்த பெரிய கஷ்டம், ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது. படிச்சப்போ எனக்கு எங்க வீட்டைப் பார்த்து எழுதின மாதிரி இருந்தது.

அக்கா மீண்டு வர ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ பத்துக் கேள்வியையும் அவகிட்ட படிச்சுக் காட்டினேன். பத்தாவதுல நிமிர்ந்து பார்த்தா.

"அப்போ யாராச்சும் இதைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்டா."

எனக்குப் பதில் வரல. நாங்க எல்லாரும் குழந்தை பால் குடிச்சுதான்னு மட்டும்தான் கேட்டோம்.

உங்க வீட்ல பச்ச உடம்புக்காரி இருந்தா, அவளையும் கேளுங்க. டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழ்லயே பேசலாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.