சென்னை டிராம் வண்டிகள்

சென்னை டிராம் வண்டிகள் என்பன 1895 முதல் 1953 வரை சென்னை நகரச் சாலைகளில் பதிக்கப்பட்ட தண்டவாளங்களின் மீது மின்னாற்றலால் ஓடிய பயணிகள் வண்டிகள் ஆகும். இந்தியாவில் முதன்முதலாக மின்சார டிராம் ஓடிய நகரம் சென்னையே. கொல்கத்தாவிலும் மும்பையிலும் இதற்கு முன்பே டிராம்கள் இருந்தன எனினும் அவை குதிரைகளால் இழுக்கப்பட்டவை. கொல்கத்தாவில் மின்சார டிராம் 1902இலும், மும்பையில் 1907இலும்தான் வந்தது.

தொடக்கம்

1895ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் இச்சேவை தொடங்கப்பட்டது. முதலில் மேல்நிலைக் கம்பிகள் இல்லை. இரு தண்டவாளங்களுக்கு நடுவே சாலையில் ஒரு குறுகிய பிளவு விடப்பட்டு, அதன் அடியில் அமைந்த கால்வாயில் மின்கடத்திகள் வைக்கப்பட்டிருந்தன. வண்டியின் அடியிலிருந்து இறங்கிய தொடுகருவி அப்பிளவின் வழியே மின்சாரத்தைப் பெற்றது. கம்பங்களும் கம்பிகளும் தெருவின் தோற்றத்தைக் கெடுக்காத இம்முறை காண்பதற்கு நன்று. ஆயின் மேடு பள்ளமற்ற, வடகிழக்குப் பருவமழையில் நீர் தேங்கும் சென்னைக்கு ஏற்றதன்று. கால்வாயில் நீரும் சேறும் புகுந்தால் மின்னோட்டம் தடைப்படும். பின்னர் மேல்நிலைக் கம்பி முறைக்கு மாற்றப்பட்டது.

வழித்தடங்கள்

பாரிமுனை, மவுண்ட் ரோடு (இன்றைய அண்ணா சாலை), பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை, ரிப்பன் கட்டடம் ஆகியவற்றை ஒட்டி வண்டிகள் ஓடின. வளர்ச்சியின் உச்சமாகிய 1921இல் 24 கி.மீ. நீளப் பாதையில் 97 வண்டிகள் இருந்தன.

தொழிலாளர்

1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதைத் தொடர்ந்து நகரின் பிற தொழிலாளரும் சங்கங்கள் அமைத்தனர். டிராம் தொழிலாளர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். ஓட்டுநரும் நடத்துநரும் வேலையை நிறுத்தினால் நகரமே அதை உடனே உணரும் என்பது ஆலைத் தொழிலாளருக்கு இல்லாத ஒரு வலிமை.

வீழ்ச்சி

தண்டவாளத்தை விட்டு விலக இயலாத டிராமுடன், எத்தெருவிலும் நுழையக்கூடிய பேருந்து போட்டியிட்டது. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சிறுகதை, பிராட்வே சந்தியில் நிற்கும் பிள்ளை டிராமில் போவதா பஸ்ஸில் போவதா என்று காலணாக் கணக்குப் போடுவதுடனேயே தொடங்குகிறது. அன்றைய பயணிகள் பலரின் கணக்கும் அதுவாகவே இருந்திருக்கும். 1931 முதல் கடற்கரை - தாம்பரம் மின்தொடர்வண்டியும் ஓடியது. 1947இல் அரசும் நகரில் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது.

1950ஆம் ஆண்டளவில் டிராம் நிறுவனம் நொடித்துப்போனது. 1953 ஏப்ரல் 12ஆம் நாளுடன் சேவை முற்றாக நிறுத்தப்பட்டது. அதனையே நம்பியிருந்த தொழிலாளர் வேலை இழந்தனர். தில்லியில் 1963 வரையிலும், மும்பையில் 1964 வரையிலும் டிராம்கள் நீடித்தன. முதலில் தொடங்கிய சென்னை அவ்விரண்டிற்கும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் முன்னரே அவற்றைக் கைவிட்டது.