பக்கிங்ஹாம் பிரபுவின் முகம்

நம் வீடுகளில் தாத்தாவின் படம் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும். நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு. சட்டத்தைச் சுற்றி ஒரு மாலை. அண்ணன் தம்பிகள் பாகம் பிரியும்போது நிலம், நகை, பாத்திரம் எல்லாம் பங்காகிவிடும். தாத்தாவை மட்டும் பங்கு போட முடியாது. இளையவர் போட்டோக் கடைக்குப் போய் இன்னொரு பிரதி எடுத்துக்கொள்வார்.

இங்கிலாந்துப் பிரபுக்களுக்கும் இதே சங்கடம், புகைப்படம் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே இருந்தது. அங்கே மாளிகையும் பட்டமும் மூத்த மகனைச் சேரும். சுவரில் தொங்கும் முன்னோர் சித்திரங்களும் அவற்றோடு போய்விடும். இளைய பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஓவியர் ஒருவரை அமர்த்தி, அசலைப் பார்த்துத் தைல வர்ணத்தில் இன்னொன்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அசலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அதே கட்டங்களைப் புதிய துணியில் போட்டு, மூக்கு எந்தக் கட்டம், மோதிர விரல் எந்தக் கட்டம் என்று உருவத்தை இறக்குவது ஒரு வழி. தைல வர்ணம் மெல்லக் காய்வது. ஆகையால் கன்னத்துச் சிவப்பையும் பட்டுத்துணியின் பளபளப்பையும் நிதானமாக இழைத்துக் கொண்டுவர முடியும்.

அரசர்களுக்கு இது ராஜாங்கக் காரியமாகவே ஆயிற்று. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டுக் கோலத்தை ஆலன் ராம்ஸே என்பவர் 1761-62இல் எழுதினார். தூதர்களுக்கும் கவர்னர்களுக்கும் அனுப்புவதற்காக மன்னரும் ராணியுமாக நூறு ஜோடிக்கு மேல் அவருடைய சித்திரக் கூடத்திலிருந்து வெளியேறின. பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் ராம்ஸேயின் சீடர்கள். மன்னர் ஒருவர், மன்னரின் முகமோ நூற்றுக்கு மேல்! கடல் கடந்து ஆள்கிறவனுக்கு வேறு வழி ஏது? அவன் வர முடியாத இடத்துக்கு அவன் படம் வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்படிப்பட்ட படங்களின் நடுவே வளர்ந்த ஒருவர் சென்னைக்குக் கவர்னராக வந்தார். அவர்தான் மூன்றாவது பக்கிங்ஹாம் டியூக். அவர் தகப்பனார் கடனில் மூழ்கியவர். 1848இல் ஸ்டோ மாளிகையின் பண்டங்களெல்லாம் நாற்பது நாள் ஏலத்தில் போயின. ஷேக்ஸ்பியருடையது என்று கருதப்படும் புகழ்பெற்ற சித்திரமும் அந்த ஏலத்தில் 355 கினிக்கு விலை போயிற்று. நெல்லர் என்ற ஓவியர் ஒரு காலத்தில் டிரைடன் கவிஞருக்காகப் பிரதி எழுதிக் கொடுத்தாரே, அதன் அசல் அது. இந்த ஏலத்தின்போது நம் கவர்னர் இருபத்து நாலு வயது வாலிபர்.

அதே 1848இல் திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் ஒரு குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் ரவிவர்மா. தைல வர்ணம் கலக்கும் வித்தையை மதுரை ராமசாமி நாயக்கர் அவருக்குச் சொல்லித்தர மறுத்தார் என்றும், நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவு வேளையில் ரகசியமாகக் கற்றுக்கொடுத்தார் என்றும் சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1868இல் திருவனந்தபுரம் வந்த ஜென்ஸன் என்ற ஐரோப்பியரும் தாம் எழுதுவதைப் பார்க்க விட்டாரே தவிர, பாடம் நடத்தவில்லை. பார்த்துப் பார்த்தே கற்றார் ரவிவர்மா. 1878இல் பக்கிங்ஹாம் டியூக்கை ஆளுயரச் சித்திரமாக எழுதும் வேலை அவருக்கு வந்தது. ஓர் ஐரோப்பியருக்குப் பதினெட்டு முறை உட்கார்ந்தும் கிடைக்காத சாயல் இவரிடம் கிடைத்தது என்று டியூக் வியந்ததாகச் சொல்வார்கள். முன்னோர் முகங்கள் ஏலம் போன குடும்பத்து வாரிசுக்கு ஒரு மலையாளத்துக் கை முகம் எழுதிக் கொடுத்தது!

இதுவரை எல்லாம் இனிய கதைதான். ஆனால் 1878 என்பது என்ன வருஷம்?

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கான ஜனங்கள் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். அந்தப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஏழைகளைக் கொண்டுதான், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்த் துண்டை 1877-78இல் வெட்டினார்கள். கால்வாய்க்குக் கவர்னரின் பெயரைச் சூட்டினார்கள். திண்டிவனத்துக்கு வடக்கே ஒலக்கூரில் இருப்பவர் டியூக்கின் முகத்தைக் கண்டிருக்க மாட்டார். ஆனால் கிழக்கே கடற்கரைக்குப் போனால், மரக்காணத்து உப்பளங்களின் பக்கம் அவர் பெயரைச் சந்திக்கலாம். ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமில் தொடங்கும் பக்கிங்ஹாம் கால்வாய், சுமார் 420 கிலோமீட்டர் வந்து முடிகிற இடம் அதுதான்.

பஞ்சத்தில் அடிபட்டவர்களின் முகங்களும் பதிவாகாமல் போகவில்லை. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி அவர்களை வரிசையாக உட்கார வைத்துப் புகைப்படம் எடுத்தார். விலா எலும்பு எண்ணக்கூடிய உடம்புகள். குழந்தையை மடியில் கிடத்திய தாய்மார்கள். டியூக்கின் சித்திரத்தில் பெயர், பட்டம் எல்லாம் உண்டு. இந்தப் படங்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை.

ரவிவர்மாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் தமக்கு வந்த வேலையைச் செய்தார். அதோடு நிற்கவும் இல்லை. 1894இல் பம்பாய்ப் பக்கத்தில் அச்சுக்கூடம் தொடங்கி, தம் லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் ஆயிரக்கணக்கில் பிரதி எடுத்து, ஒலக்கூர் போன்ற ஊர்களின் பூஜை மாடங்கள் வரை வரச் செய்தார். பிரபுக்களின் மாளிகைக்கு மட்டும் உரியதாயிருந்த சித்திரம், நாலணா ஜீவனக்காரன் வீட்டிலும் குடியேறியது.

வெள்ளைக்காரத் துரைகளின் படங்கள் நமக்கு எதற்கு, தூக்கி எறியுங்கள் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. எறிய வேண்டாம். பொருட்காட்சி சாலையில் டியூக்கை நன்றாகத் துடைத்து மாட்டட்டும். ஹூப்பரின் புகைப்படங்களில் ஒன்றைப் பெரிதாக்கி, அதே உயரத்தில், அதே சுவரில், பக்கத்திலேயே மாட்டட்டும். இரண்டையும் பார்த்த பிறகு அந்த ஆட்சியின் சாயல் நன்றாகப் பிடிபடும்.