ட்ரெமெலோ தண்டு: கிற்றாரின் சின்ன உதிரிகளைப் பேணுவது எப்படி?

மின்கிற்றாரின் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் தகட்டிலிருந்து வளைந்து நீளும் மெல்லிய உலோகத் தண்டைப் பலரும் கண்டிருப்பீர்கள். அதை அழுத்தினால் தந்திகள் தளர்ந்து சுருதி இறங்கும். மேலே இழுத்தால் ஏறும். கலியாண மண்டபங்களிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் வாசிக்கும் பிள்ளைகள் திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டுவரும் கிற்றார்களில் இந்தத் தண்டு ஒழுங்காக இருப்பதைக் காண்பது அரிது. ஒன்றில் தொலைந்திருக்கும், ஒன்றில் ஆடிக்கொண்டிருக்கும், இன்னொன்றில் மரைக்குள்ளேயே முறிந்து கிடக்கும். தண்டு மலிவான சாமான்தான். ஆனால் அது பூட்டப்படும் உலோகக் கட்டை பழுதானால் பிரிட்ஜையே மாற்ற வேண்டிவரும். அதற்குச் சரியாகப் பொருந்தும் உதிரி நம்மூர்க் கடைகளில் கேட்டவுடன் கிடைப்பதில்லை.

இன்று நம் கைகளில் இருக்கும் பெரும்பாலான கிற்றார்களில் உள்ளது, அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிற்றாரோடு வெளியிட்ட அமைப்பு அல்லது அதன் நகல். 1956இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பெயரில் ஒரு குழப்பம் உண்டு. சுருதி ஏறி இறங்குவதை இசையில் விப்ராட்டோ என்பார்கள். ஒலியளவு கூடிக் குறைவதுதான் ட்ரெமெலோ. ஃபெண்டர் நிறுவனம் கிற்றாரில் இரண்டையும் மாற்றிப் பெயரிட்டது, அந்தப் பிழையே உலகெங்கும் நிலைத்துவிட்டது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

பிரிட்ஜ் தகடு முன்பக்கம் ஆறு திருகாணிகளில் சாய்ந்து நிற்கும். அதன் அடியில் கனமான உலோகக் கட்டை ஒன்று உடலுக்குள் இறங்கியிருக்கும். முன்னால் தந்திகள் இழுக்க, பின்னால் ஸ்பிரிங்குகள் அதே அளவு எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. தண்டு அந்தக் கட்டையிலுள்ள மரைத் துளைக்குள்தான் பூட்டப்படுகிறது. எல்லாப் பாரமும் அந்த ஒரு துளையில்.

அந்த மரையில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். அமெரிக்க ஃபெண்டர்களில் வழமையாக இருப்பது அங்குல அளவிலான 10-32 மரை. அதாவது விட்டம் 4.83 மில்லிமீற்றர், ஓர் அங்குலத்துக்கு 32 சுற்று. ஜப்பான், சீனா, இந்தோனேசியா போன்ற நாடுகளில் செய்யப்பட்ட பல கிற்றார்களில் 5 அல்லது 6 மில்லிமீற்றர் மரை இருக்கும். 6 மில்லிமீற்றர்த் தண்டு சிறிய துளைக்குள் நுழையாது என்பதால் அதில் ஆபத்தில்லை. ஆபத்து 5 மில்லிமீற்றரில். அதன் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 0.8 மில்லிமீற்றர், 10-32 மரையில் அது 0.794. இந்த வித்தியாசத்தைக் கையால் உணரவே முடியாது. ஆகவே 5 மில்லிமீற்றர்த் தண்டு 10-32 துளைக்குள் முதல் இரண்டு மூன்று சுற்று போய்விடும், பிறகு இறுகும். “இன்னும் கொஞ்சம் முறுக்கினால் சரிவரும்” என்று முறுக்கினால் கட்டையின் மரை அறுபடும். மறுபக்கமாக, 10-32 தண்டு 5 மில்லிமீற்றர்த் துளைக்குள் சுகமாகப் போய், பிறகு எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும்.

எனவே புதுத் தண்டு வாங்க முன்னர் துளையை அறிந்துகொள்ளுங்கள். ஹாட்வெயார் கடையில் 5, 6 மில்லிமீற்றர் போல்ட்டுகளில் ஒவ்வொன்று வாங்கி, விரல் நுனியால் மட்டும் முறுக்கிப் பாருங்கள். ஆட்டமின்றி நான்கைந்து சுற்று சுலபமாகப் போவதுதான் உங்கள் அளவு. 5 மில்லிமீற்றர் போல்ட் பாதியில் இறுகினால் உடனே நிறுத்துங்கள், அது பெரும்பாலும் 10-32 தான். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர்களிடம் அமெரிக்க முறை ராக் பெட்டி இருந்தால், அதன் திருகாணிகள் பலவும் இதே 10-32. ஒன்றைக் கேட்டு வாங்கி உறுதிப்படுத்தலாம். பழைய கிற்றார் வாங்குபவர்களுக்கும் இதையே சொல்வேன்: கூட வரும் தண்டு அந்தக் கிற்றாருக்கே உரியது என்று நம்பிவிடாதீர்கள்.

துளையின் அடியில் ஒரு குட்டி ஸ்பிரிங் இருக்க வேண்டும். தண்டை அடியிலிருந்து தள்ளிக்கொண்டிருப்பதே அதன் வேலை. அப்போதுதான் விட்ட இடத்தில் தண்டு நிற்கும், இல்லையேல் தொங்கும். தண்டைக் கழற்றிவிட்டுக் கிற்றாரைக் கவிழ்க்கும்போது இது விழுந்து, யாரும் கவனிக்காமலே குப்பையோடு போய்விடும். அசல் கிடைக்காவிட்டால் பேனா ஸ்பிரிங்கை அரை அங்குலத்துக்கும் குறைவாக வெட்டிப் போடலாம். அது மெலிது, சில மாதங்களில் அமுங்கிவிடும், ஆனால் காசு செலவில்லை.

மரை தேய்ந்து தண்டு ஆடினால், பிளம்பர்கள் குழாய் மூட்டில் சுற்றும் வெள்ளை நாடாவை மரையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டுங்கள். தண்டை நுனியிலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். மாறிச் சுற்றினால் பூட்டும்போதே பிரிந்துவிடும். ஆட்டத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஆடும் தண்டை அழுத்தும்போது மரை தொடங்கும் அந்த ஒடுங்கிய இடத்திலேயே வளைவு முழுதும் விழுகிறது, கடைசியில் அங்கேயே முறிகிறது. இரண்டு மூன்று சுற்று மட்டும் பூட்டிவிட்டு வாசிப்பவர்களுக்கும் இதே கதிதான். நன்றாக உள்ளே போகும்வரை பூட்டி, பிறகு வசதிக்கு அரைச் சுற்றுப் பின்னால் எடுங்கள்.

முறிந்துவிட்டால் பதற வேண்டாம், சுத்தியலைத் தொடவும் வேண்டாம். துண்டின் தலை கொஞ்சம் வெளியே தெரிந்தால் துருநீக்கி எண்ணெய் இரண்டு துளி விட்டு, ஓர் இரவு வைத்து, மெல்லிய வாளால் குறுக்கே ஒரு வெட்டுப் போட்டுத் தட்டைத் திருப்புளியால் கழற்றலாம். உள்ளே முறிந்திருந்தால் பிரிட்ஜைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். இடப்பக்கம் சுழலும் துளைப்பான் வைத்திருக்கும் மெக்கானிக் என்றால் பாதி வேலை முடிந்தது. துளைக்கும்போதே துண்டு தானாகச் சுழன்று வெளியே வரும். மலிவான கிற்றார்களில் கட்டை மென்மையான நாகக் கலப்பு உலோகம் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பிரிட்ஜைக் கழற்றுவதானால் பின்பக்க ஸ்பிரிங் தகட்டில் ஈயம் வைத்து ஒட்டிய கம்பியைப் பாருங்கள். அது தந்திகளை நில இணைப்போடு சேர்ப்பது. அறுந்தால் இரைச்சல் தொடங்கும். குற்றம் அம்ப்ளிஃபயர்மேல் விழும்.

அடுத்தது துரு. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு என எங்கே வாசித்தாலும் உப்புக்காற்றும் கை வியர்வையும் கூடவே வரும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் பிரிட்ஜைத் துடைப்பதே பாதிப் பராமரிப்பு. மாதமொருமுறை பழைய பற்தூரிகையால் தூசியை எடுத்து, தையல் மெசின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு மரைகளில் வையுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் இருக்கிறார்கள். அது நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடிக்கும். நுவரெலியாக் குளிரில் உறைந்தும் போகும். டபிள்யூடி-40 இறுகிய ஆணியை இளக்க நல்லது, ஆனால் நேரே விசிறாதீர்கள், துணியில் எடுத்துத் தடவுங்கள். தகடு சாயும் விளிம்பில் துளி வசலின் போதும்.

தந்திகளின் உயரத்தை மாற்றும் பொடித் திருகாணிகளிலும் அங்குலமும் மில்லிமீற்றரும் மோதுகின்றன. அமெரிக்க ஃபெண்டருக்கு 0.050 அங்குல அலன் கீ, அதாவது 1.27 மில்லிமீற்றர். மில்லிமீற்றர் முறைக் கிற்றார்களுக்கு 1.5 பொதுவானது. சிறிய கீயைப் பெரிய துளையில் போட்டு முறுக்கினால் உள்முனைகள் வட்டமாகிவிடும்.

ஃப்ளோய்ட் ரோஸ் வகைப் பிரிட்ஜில் தண்டு மரையில் நேரடியாகப் பூட்டப்படுவதில்லை. ஒரு வளைய நட்டும் பிளாஸ்டிக் வாசர்களும் அதைப் பிடிக்கின்றன. ஆட்டம் வந்தால் வாசர் தேய்ந்திருக்கும். நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள், குறடு வேண்டாம்.

கிற்றாரைப் பையில் வைக்க முன்னர் தண்டைக் கழற்றி, துளைமேல் ஒரு துண்டு காகித ரேப் ஒட்டிவிடுங்கள். குட்டி ஸ்பிரிங் உள்ளேயே கிடக்கும். பஸ்ஸிலும் வானிலும் ஏறி இறங்கும் வாத்தியத்தில் தண்டு பூட்டியபடி இருந்தால், சாமான் அடுக்கும் ஒருவர் அதைப் பிடித்துத் தூக்காமல் விடமாட்டார்.