மணம் மெய்யா? எல்லையில் கேட்கப்பட்ட ஒரு கேள்வியின் வரலாறு

1913 மார்ச் 14 அன்று, தென்னாப்பிரிக்க உச்ச நீதிமன்றத்தின் கேப் மாகாணப் பிரிவில் நீதிபதி மால்கம் சேர்ல் ஒரு தீர்ப்பை வழங்கினார். போர்ட் எலிசபெத்தில் குடியிருந்த ஹசன் ஈசோப், இந்தியாவுக்கு வந்து இசுலாமிய முறைப்படி பாய் மரியத்தை மணந்திருந்தார். கணவருடன் சேர்ந்து வாழக் கப்பலேறிச் சென்ற பாய் மரியத்தை அதிகாரிகள் நாட்டுக்குள் விடவில்லை. திருமணம் நடந்ததா என்பது அங்கே சர்ச்சையாக இருக்கவில்லை. பலதார மணத்துக்கு இடந்தரும் ஒரு சமயத்தின் முறைப்படி நடந்த மணம், குடியேற்றச் சட்டம் குறிப்பிடும் ‘மனைவி’ என்னும் சொல்லுக்குள் அடங்காது என்பதே தீர்ப்பின் சாரம். இதன் விளைவு ஒரு குடும்பத்தோடு நிற்கவில்லை. கிறித்தவ முறைப்படியோ பதிவாளர் முன்னிலையிலோ நடவாத இந்து, இசுலாமிய, பார்சி மணங்கள் யாவும் ஐயத்துக்குரியவை ஆயின.

இன்று துணைவர் விசா கோரும் தம்பதியர் எதிர்கொள்ளும் சோதனையை இத்தீர்ப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. ஒரு மணம் ‘செல்லுமா’ என்பது ஒரு கேள்வி. அது ‘மெய்யா’ என்பது மற்றொரு கேள்வி. 1913இல் அரசு கேட்டது முதலாவதை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேற்ற அதிகாரிகள் இரண்டாவதைக் கேட்கத் தொடங்கினர். முதற்கேள்விக்குச் சான்றிதழ் விடையாகும். இரண்டாவதற்கு எந்தச் சான்றும் முழு விடையாவதில்லை.

இந்த வேறுபாடு தமிழ் மரபுக்குப் புதிதன்று. பொய்யும் பிழையும் தலைகாட்டிய பிறகே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்று தொல்காப்பியக் கற்பியல் கூறுகிறது. அதன்படி சடங்கு என்பது அன்பின் தோற்றுவாயன்று; ஏமாற்றப்படுபவருக்கான காப்பு. எல்லைக் காவலின் சோதனை இதற்கு நேர் எதிரானது. அது காக்க முனைவது மணமக்களில் ஒருவரையன்று, அரசை. மணமக்கள் இருவருமே ஐயத்துக்குரியவர்களாக நிறுத்தப்படுகிறார்கள்.

சேர்ல் தீர்ப்புக்கு எழுந்த எதிர்ப்பில் தமிழ்ப் பெண்களின் பங்கு முதன்மையானது. 1913 மே மாதத்திலேயே டிரான்ஸ்வால் இந்தியப் பெண்கள் சங்கம், இந்திய மணங்களை அங்கீகரிக்காவிடில் சிறை செல்வோம் என்று அரசுக்கு அறிவித்தது. செப்டம்பரில் கஸ்தூர்பா உள்ளிட்ட ஃபீனிக்ஸ் குடியிருப்பினர் எல்லையைக் கடந்து சிறைப்பட்டனர். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட, பெரும்பாலும் தமிழரான பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சென்று, ஒப்பந்தத் தொழிலாளரிடம் மூன்று பவுன் தலைவரிக்கு எதிராகப் பேசினர். அக்டோபரில் அங்கே வேலைநிறுத்தம் வெடித்தது. மனைவி என்னும் தகுதிக்கான கோரிக்கையும் கூலியாளின் வரிச்சுமையும் அங்கே ஒரே போராட்டமாயின. தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை, சிறையில் கண்ட காய்ச்சலால், விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அவருக்கு வயது பதினாறு, மணமாகாதவர்.

1914இல் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் தலைவரியை நீக்கியது. நடைமுறையில் ஒரே மனைவி என்ற நிலை இருந்தால் அம்மணத்தை ஏற்றது. வெற்றிதான், ஆனால் நிபந்தனையுடன் வந்த வெற்றி. எந்த மணம் மணமாகும் என்று சொல்லும் உரிமை அரசிடமே தங்கியது.

இரண்டாவது கேள்வியின் வரலாற்றில் பம்பாய்க்கு நேரடி இடமுண்டு. 1969இல் பிரிட்டன், குடியேறியோரின் மனைவி மக்கள் சொந்த நாட்டிலேயே நுழைவுச் சான்று பெற்று வரவேண்டும் என்று சட்டமியற்றியது. விசாரணை லண்டன் விமான நிலையத்திலிருந்து டாக்கா, தில்லி, பம்பாய் அலுவலகங்களுக்கு இடம்பெயர்ந்தது. கணவன் மனைவியரைத் தனித்தனியே வினவி, விடைகளில் முரண் தேடுவது வழக்கமாயிற்று. வீட்டில் எத்தனை அறைகள், திருமணத்துக்கு வந்தவர் யார் என்பன போன்றவற்றில் நினைவு பிசகினால் அது பொய்யின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது.

1979 ஜனவரியில், மணம் புரிவதற்காக ஹீத்ரோவில் வந்திறங்கிய 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர் கன்னித்தன்மைச் சோதனைக்கு உட்படுத்தப்பட்ட செய்தி வெளியானது. மணமாகப் போகிறவருக்கு முன்விசா தேவையில்லை, ஏற்கெனவே மனைவியானவருக்குத் தேவை என்ற விதியே அதற்குக் காட்டப்பட்ட காரணம். தில்லியிலும் பம்பாயிலும் இத்தகைய சோதனைகள் நடந்ததையும், 1970களின் பிற்பகுதியில் குறைந்தது 80 பெண்கள் இவ்வாறு சோதிக்கப்பட்டதையும் 2011இல் வெளிச்சத்துக்கு வந்த அரசு ஆவணங்கள் காட்டின. தமிழில் ‘மெய்’ என்பது உண்மையையும் உடலையும் ஒருங்கே குறிக்கும் சொல். அதிகாரம் முதலாவதைத் தேடி இரண்டாவதன் மீது கைவைத்தது.

1980இல் வந்த ‘முதன்மை நோக்க’ விதி வேறொரு வழியில் இறுக்கியது. பிரிட்டனில் குடியேறுவது தன் மணத்தின் முதன்மை நோக்கமன்று என்பதை அயல்நாட்டுக் கணவரே மெய்ப்பிக்க வேண்டும். ஒன்று இல்லை என்பதை மெய்ப்பிக்கும் சுமை இது. பெற்றோர் பார்த்து முடித்த மணங்களே இதில் மிகுதியும் சிக்கின. மணத்துக்கு முன் பழக்கமோ கடிதமோ இல்லாமை ஒரு பண்பாட்டில் இயல்பு. விசா மேசையில் அதுவே குறை. அப்துல் அஜீஸ் முதலிய மூவரின் வழக்கில், கணவரை அழைக்கப் பெண்களுக்கு மட்டும் கூடுதல் தடை விதிப்பது பாலினப் பாகுபாடு என்று 1985இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிட்டிஷ் அரசு தடையைத் தளர்த்தவில்லை; மனைவியருக்கும் அதை விரித்துச் சமன் செய்தது. அவ்விதி நீங்க 1997 ஆயிற்று.

‘செல்லுமா’ என்ற பழைய கேள்வியும் ஓய்ந்துவிடவில்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. அண்ணா முதல்வராயிருந்தபோது 1967இல் இயற்றப்பட்ட திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து அம்மணங்களுக்குச் சட்டத்தகுதி அளித்தது. ஆனால் அது தமிழ்நாட்டுத் திருத்தம், மகாராட்டிரத்தின் சட்டமன்று. தாராவியிலோ செம்பூரிலோ மாலை மாற்றி மணந்த தமிழ் இணையருக்கு, 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிந்துகொள்வதே உறுதியான வழி. அப்பதிவு இல்லாத இணையர் விசா மேசையை அடையும்போது ஒன்றல்ல, இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்ல வேண்டியவராகிறார்கள்.

அக மாந்தரின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்பது தமிழ் அகமரபின் விதி. பெயரும் நாளும் நிழற்படமும் உரையாடல் பதிவுமாக அகத்தைப் புறமாக்கித் தருமாறு கேட்பது குடியேற்றச் சட்டம். போலி மணங்கள் உண்டு. அவற்றைத் தடுக்கும் தேவை அரசுகளுக்கு உண்டு. ஆயினும் யாருடைய மணம் தொடக்கத்திலேயே நம்பப்படுகிறது, யாருடையது மெய்ப்பிக்கப்பட வேண்டியதாகிறது என்பதை நாடும் இனமும் வர்க்கமுமே பெரும்பாலும் தீர்மானித்து வந்திருக்கின்றன. பாய் மரியத்தின் வழக்கு முதல் இன்றைய நேர்காணல் வரை மாறாத கூறு இதுவே.